இரண்டாவது ரிமோட்

நம் வயதுக்காரர்கள் யாரும் இதை எழுதப்போவதில்லை என்று தெரிந்துதான் நான் எழுத உட்கார்ந்தேன். வெள்ளெழுத்துக் கண்ணாடியும் முட்டிவலித் தைலமுமாக இருக்கிற ஒரு பெண்பிள்ளைக்கு, சண்டை வீடியோ கேமில் தனி ஆட்டம் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு கருத்து இருக்கலாமா என்று நீங்கள் சிரிக்கலாம். எனக்கு இருக்கிறது. பலமாகவே இருக்கிறது. போன வாரம் என் மகன் புதிதாக ஒரு கேம் வாங்கி, இரண்டு மணி நேரம் ஆடிப் பார்த்துவிட்டு, "இதுல தனியா விளையாடுறது நல்லாவே இல்லம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனான். அவனுக்கு அது அத்தோடு முடிந்தது. எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

இதே வார்த்தையை என் தம்பி வாயால் கேட்டிருக்கிறேன். எங்கள் வீட்டு வளவில், விருந்தாளிக்குப் போடுகிற ஜமக்காளத்தில் உட்கார்ந்துகொண்டு சொன்னான். அவன் பிறந்த வீட்டில் அவனுக்கு ஜமக்காளம் விரித்தது எப்படி என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

காரைக்குடியில் எங்களுடையது பெரிய வீடு. அதனால் நாங்கள் பெரிய ஆட்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பாட்டன் கட்டியது, பங்காளிகள் எல்லாருக்கும் பொது. நடுவில் முற்றம், அதைச் சுற்றி ஓடுகிற கூடம்தான் வளவு. கல்யாணமான ஒவ்வொருவருக்கும் வளவை ஒட்டி ஓர் அறை, பின்கட்டில் தனித்தனி அடுப்பு. மற்ற பங்காளிகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விட்டதால் அவர்கள் அறைகளெல்லாம் பூட்டிக் கிடக்கும். ஏதாவது கல்யாணம் என்றால் திறந்து, பெருக்கி, மறுபடி பூட்டுவார்கள். எங்கள் எதிர்ப்பக்கத்து அறையில் ஒரு சித்தப்பா குடும்பம் மட்டும் இருந்தது. அந்த வீட்டுப் பையன்கள் இருவரும் தம்பிக்கு உயிர். நான் சொல்கிற கோடைக்குச் சற்று முன்னால் அவர்களும் சென்னைக்குக் கிளம்பிவிட்டார்கள். அத்தனை பெரிய வீட்டில் அப்பச்சி, ஆத்தா, அண்ணன், நான், தம்பி. அப்பாவை அப்பச்சி என்றும் அம்மாவை ஆத்தா என்றும் அக்காளை ஆச்சி என்றும் கூப்பிடுவது எங்கள் வழக்கம். பன்னிரண்டு வயதிலேயே நான் ஆச்சி.

டிவி கேமைக் கொண்டுவந்தது அம்மான், அதாவது ஆத்தாவின் தம்பி. சிங்கப்பூரில் வேலை. அவர் வந்தால் பெட்டியைத் திறக்கும்போது ஒரு வாசனை வரும் பாருங்கள், சோப்பும் புது பிளாஸ்டிக்கும் பாச்சை உருண்டையும் கலந்து, அதுதான் எங்களுக்கு வெளிநாடு. அந்தப் பெட்டிக்குள்ளிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு மெஷினும், வால் நீண்ட இரண்டு ரிமோட்டும், உள்ளங்கை அளவு கேசட் இரண்டும் எடுத்துவைத்தார். ஒரே சண்டை கேமின் முதல் பாகம், இரண்டாம் பாகம். கேசட் வேலை செய்யவில்லை என்றால் அதன் அடிப்பக்கத்தில் வாயை வைத்து ஊதிச் செருக வேண்டும். ஊதினால் ஏன் வேலை செய்கிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நீங்களும் ஊதியிருப்பீர்கள்.

முதல் பாகத்தில் தனி ஆட்டம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. ஓர் ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டும், எதிரில் வருகிறவனை அடிக்க வேண்டும், அடுத்து வருகிறவனையும் அடிக்க வேண்டும். கடைசியில் கொம்பு வைத்த ஒருவன் வருவான். அவனையும் அடித்துச் சாய்த்தால் ஒரு கோப்பைப் படம் வரும். பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் ஓடிக் களைத்து வந்தவனுக்குச் சோப்பு டப்பா கொடுக்கிற மாதிரி இருக்கும்.

இரண்டாம் பாகம் வேறு ரகம். செய்தவன் மனசு வைத்துச் செய்திருந்தான். அதில் ஒவ்வொரு சண்டைக்காரனுக்கும் ஓர் ஊர் உண்டு, ஒரு தெரு உண்டு. சண்டைக்கு நடுவே நடுவே படம் வந்து கதை நகரும். எழுத்தெல்லாம் ஜப்பான் எழுத்து, எங்களில் ஒருவருக்கும் ஓர் எழுத்து புரியாது. அதனால் கதையைத் தம்பிதான் சொல்வான். குடைக்காரி என்று ஒருத்தி, குடையை மடக்கி மடக்கி அடிப்பாள்; அவளுடைய கல்யாணம் நின்றுபோனதால்தான் ஊரையே அடிக்கிறாள் என்பான். தம்பியின் ஆள் படகுக்காரர். தோளில் துடுப்பு, தலையில் ஓலைத் தொப்பி, குதிக்கக்கூடத் தெரியாத கிழவர். அவரை வைத்துக் கடைசிவரை ஜெயிப்பது லேசில்லை. ஜெயித்துவிட்டால் மட்டும் அந்தக் கடைசிப் படம் வரும். சாயங்கால வெளிச்சத்தில் படகு கரைக்கு வரும். கரையில் ஒரு குடிசை, வாசலில் விளக்கு. கதவைத் திறந்துகொண்டு ஒரு பெண் கையில் தட்டோடு வருவாள்.

"சோறு எடுத்து வச்சுட்டாக ஆச்சி, பாருங்க" என்பான் தம்பி. ஒவ்வொரு முறையும் சொல்வான். அதைச் சொல்வதற்காகவே ஜெயிப்பான் என்று நினைக்கிறேன்.

இன்னொரு வசதியும் அந்த இரண்டாம் பாகத்தில் இருந்தது. இந்தக் கதைக்கு அதுதான் முக்கியம். ஒருவன் தனியாக மெஷினோடு ஆடிக்கொண்டிருக்கும்போது, வேறு யாராவது இரண்டாவது ரிமோட்டை எடுத்து நடுப்பொத்தானை அழுத்தினால் போதும். சண்டை அப்படியே நிற்கும், மணி அடிக்கும், புது ஆள் உள்ளே வந்துவிடலாம். இரண்டு பேரும் ஆடி முடித்ததும், விட்ட இடத்திலிருந்து தனி ஆட்டம் தொடரும். அதனால் தம்பி தனியாக ஆட உட்கார்ந்தாலும் இரண்டு ரிமோட்டையும் செருகித்தான் உட்காருவான். இரண்டாவதைத் தன் வலது பக்கத்தில், வயரைச் சுருக்கில்லாமல் நீட்டி, பொத்தான் மேலே தெரிகிற மாதிரி தரையில் வைப்பான். பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும்படி இடம் விட்டிருப்பான். நடந்து போகிற யாரையும் கூப்பிட மாட்டான். அவனுக்குக் கூப்பிட வராது. ரிமோட்டை மட்டும் வைத்திருப்பான்.

அண்ணன் பத்தாம் வகுப்புக்குப் போகிறவன் என்று கோடையிலேயே டியூஷனில் தள்ளியிருந்தார்கள். நான் போவேன். ஆனால் எனக்குத் தையல் வகுப்பு, பாட்டு வகுப்பு என்று ஏதாவது ஒன்று இருக்கும். மற்ற நேரத்தில் தம்பியும் படகுக்காரரும்தான். ஆத்தங்குடிக் கல் பாவிய தரை மத்தியானத்திலும் குளுகுளுவென்று இருக்கும். மெஷின் சுடாமலிருக்க அதை வெறும் தரையில் வைத்து, தானும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பான். துடுப்பு விழுகிற சத்தம் பூட்டின அறைகளிலெல்லாம் போய் முட்டித் திரும்பி வரும்.

ஒருநாள் ஆத்தா பின்கட்டில் இடியாப்ப மாவு பிசைந்துகொண்டிருந்தவர், எதையோ எடுக்க வளவு வழியாக வந்தார். தம்பியைத் தாண்டிப் போனவர் நின்றார். திரும்பி வந்து, மாவுக் கையை முந்தானையில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்து, விரல் முட்டியால் அந்த நடுப்பொத்தானை ஓர் அமுக்கு அமுக்கினார். மணி அடித்தது. குடைக்காரி வந்து நின்றாள்.

"என்னடா பண்ணணும் இப்ப?"

"எதையாச்சும் அமுக்குங்க ஆத்தா!"

ஆத்தா முட்டியாலேயே எதை எதையோ அமுக்கினார். குடைக்காரி நின்ற இடத்திலேயே குடையை விரித்து மூடி விரித்து மூடிக்கொண்டிருந்தாள். தம்பி அடிக்கவே இல்லை. படகுக்காரரைப் பின்னால் நகர்த்தி நகர்த்தி, ஆத்தாவை ஜெயிக்கவிட்டான். ஆத்தா முற்றம் அதிரச் சிரித்ததை நான் கேட்டது அன்றுதான். ரிமோட்டில் ஒட்டின மாவைத் தம்பி துடைக்கவில்லை. அது காய்ந்து, பொத்தானைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம் போட்டதுபோல் நின்றுவிட்டது.

இனி பெரியப்பச்சியைச் சொல்ல வேண்டும். அப்பச்சிக்கு ஒன்றுவிட்ட அண்ணன். பினாங்கில் கடை வைத்திருந்து, அதை விட்டுவிட்டுப் பெரியாத்தாவோடு கண்டனூர் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தார். அவர்களுக்குப் பிள்ளையில்லை. எங்களில் அப்படி இருந்தால் பங்காளி வீட்டிலிருந்து ஒரு பையனைப் பிள்ளை கூட்டிக்கொள்வார்கள். அதாவது, சுவீகாரம். தலைப்பிள்ளையைக் கொடுக்கிற வழக்கமில்லை. இரண்டாவது, மூன்றாவது பையன் இருக்கிற வீடுகளைத்தான் பார்ப்பார்கள். கூட்டிப் போய்விட்டால் அந்தப் பையன் அந்த வீட்டுப் பிள்ளை. பெற்ற வீட்டில் அவனுக்குப் பங்கு கிடையாது. பெற்றவளைச் சின்னாத்தா என்று கூப்பிட வேண்டும். இதெல்லாம் கொடுமை என்று யாரும் நினைத்ததில்லை, வீட்டில் விளக்கேற்ற ஆள் வேண்டும் என்பதுதான் நினைப்பு. கோயில் மாலை வந்து, ஊர் கூடி, விருந்து போட்டு நடக்கிற விசேஷம் அது.

அவர்கள் பார்வையில் இரண்டு பையன்கள் இருந்தார்கள். ஒருவன் கீழச்சிவல்பட்டியில் இன்னொரு பங்காளி வீட்டுப் பையன். மற்றவன் என் தம்பி. இதை அடுத்த அறையில் அப்பச்சி சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் நான் கேட்டேன். தம்பிக்கு ஒன்றும் தெரியாது.

பெரியப்பச்சியும் பெரியாத்தாவும் இரண்டு பெரியவர்களும் ஒரு மத்தியானம் வந்தார்கள். வளவில் ஜமக்காளம் விரித்து, மின்விசிறியைத் திருப்பிவைத்து, பன்னீர் சோடா கொடுத்தோம். அவர்களுக்கு எதிரில், பத்தடி தள்ளி, தம்பி படகுக்காரரோடு உட்கார்ந்திருந்தான். வாங்க என்று கும்பிட்டுவிட்டு ஆட்டத்துக்குத் திரும்பினான். வெயில் முற்றத்தில் ஒரு தூணிலிருந்து அடுத்த தூணுக்கு நகர்ந்துவிட்டது, அவன் நகரவில்லை. அழவில்லை, தண்ணீர் கேட்கவில்லை, யார் மடியிலும் போய் விழவில்லை. வலது பக்கத்தில் ரிமோட் கிடந்தது.

"என்ன சமத்தா இருக்கான்" என்றார் பெரியாத்தா. நல்ல மனுஷி அவர். குரலில் ஆசை இருந்தது.

வந்த பெரியவர்களில் ஒருவர் சொன்னார். "கீழச்சிவல்பட்டிப் பய ஒரு நிமிசம் சும்மா இருக்க மாட்டேங்குறான். ஊர்ப் பயலுகளையெல்லாம் கூட்டி வச்சுக்கிட்டுக் கெடக்கான். அவனக் கொண்டாந்து கண்டனூர்ல விட்டா ஏங்கிப்போவான். இவனப் பாருங்க, ஆளே வேண்டியதில்ல இவனுக்கு. பொட்டியக் குடுத்தாப் போதும், அவம்பாட்டுக்கு இருப்பான்."

"தனியா இருந்து பழகின பய" என்றார் இன்னொருவர். பெரியப்பச்சி தலையாட்டினார். அப்பச்சிக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பிள்ளையின் குணத்தைப் பெரியவர்கள் மெச்சுகிறார்கள் அல்லவா? ஒருவர்கூட அந்த ரிமோட்டைப் பார்க்கவில்லை. பார்த்தும் இருப்பார்கள். ஒருவன் ஆடுகிறான், உபரியாக ஒன்று கிடக்கிறது என்று நினைத்திருப்பார்கள். அது ஆளை அழைக்கிற பொருள் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

எனக்குத் தெரியும். பின்கட்டுக்கு ஓடி ஆத்தாவிடம் சொன்னேன். "அவன் தனியா விளையாடல ஆத்தா. யாராச்சும் வருவாகன்னு காத்துக்கிட்டு இருக்கான். அவகள்ட்ட சொல்லுங்க."

காப்பி ஆற்றிக்கொண்டிருந்த ஆத்தாவின் கை அப்படியே நின்றது. பித்தளை டம்ளரிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

"பெரியவுக பேச்சுல நாம வாய் வைக்கக் கூடாது" என்றார். பிறகு டம்ளர்களைத் தட்டில் அடுக்கி, "இதக் கொண்டு போய்க் குடு" என்று என் கையில் கொடுத்தார்.

விசேஷம் கண்டனூர் வீட்டில் நடந்தது. கோயில் மாலையைத் தம்பி கழுத்தில் போட்டார்கள். மாலை அவன் முழங்காலைத் தொட்டது. பெரியப்பச்சி பினாங்கிலிருந்து ஆள் மூலம் வரவழைத்த ஒரு பரிசைக் கொடுத்தார். அதே சண்டை கேமின் மூன்றாம் பாகம். அட்டையிலேயே தங்க எழுத்து. தம்பி முகத்தில் அன்றைக்கு வந்த ஒரே சிரிப்பு அதைப் பார்த்துத்தான் வந்தது.

மூன்றாம் பாகம் வந்தபிறகு பழசு எதற்கு என்று அப்பச்சி நினைத்தார். ஐந்தாம் வகுப்புப் புத்தகம் வந்தபின் நாலாம் வகுப்புப் புத்தகத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கிற கணக்கு. முதல் இரண்டு கேசட்டையும், தேர்வாகாத கீழச்சிவல்பட்டிப் பையனுக்கு மனசு நோகக் கூடாதென்று கொடுத்துவிட்டார். அந்தப் பையனிடம் மெஷின்கூடக் கிடையாது. அவன் அவற்றை என்ன செய்தானோ! படகுக்காரரின் வீடும் விளக்கும் சோற்றுத் தட்டும் அப்படித்தான் போயின.

விசேஷம் முடிந்து தம்பி சாமான் எடுக்க வீட்டுக்கு வந்தபோது, எல்லாவற்றையும் ஆத்தாதான் கட்டினார். மெஷினைத் துண்டில் சுற்றி அட்டைப்பெட்டியில் வைத்தார். ஒரு ரிமோட்டை வைத்தார். இரண்டாவதைக் கையில் எடுத்தவர் சற்று நேரம் வைத்துக்கொண்டே இருந்தார்.

"அதையும் வைங்க ஆத்தா" என்றான் தம்பி.

"ஒருத்தன் வெளையாட எதுக்குடா ரெண்டு?" என்றார் ஆத்தா. அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். தம்பி அதற்குமேல் கேட்கவில்லை. நான் சொன்னேனே, கேட்கவும் கூப்பிடவும் வராத பிள்ளை அவன்.

கொஞ்ச நாளைக்கு யாரும் அங்குட்டுப் போகக் கூடாது, பையன் ஒட்ட வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லியிருந்தார்கள். காரைக்குடியிலிருந்து கண்டனூர் என்ன, பஸ் ஏறினால் கண்ணயர்வதற்குள் வந்துவிடும். ஆனாலும் தீபாவளிக்குத்தான் போனோம். அந்த வீடு எங்கள் வீட்டைப் போல இரண்டு மடங்கு. தெருவே பூட்டுத் தொங்குகிற வீடுகளால் ஆனது. தம்பி சதை போட்டிருந்தான், வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். என்னைப் பார்த்ததும் மூன்றாம் பாகத்தைப் போட்டுக் காட்டினான்.

சும்மா சொல்லக் கூடாது, படமெல்லாம் அப்படி ஓர் அழகு. மழை பெய்தால் சண்டைக்காரன் தோளில் தெறிக்கும். ஆனால் அது இரண்டு பேருக்கென்றே செய்த ஆட்டம். தனியாக ஆடினால் அதே ஆட்கள், அதே பாட்டு, சண்டைக்குச் சண்டை வித்தியாசமே கிடையாது. கதைப் படங்களை அடியோடு எடுத்துவிட்டார்கள். தம்பி படகுக்காரரை வைத்து என் கண்ணெதிரில் கடைசிவரை ஜெயித்தான். திரை கறுத்தது. எழுத்து ஓடியது. அவ்வளவுதான்.

"இதுல படகுக்காரருக்கு வீடு இல்ல ஆச்சி" என்றான்.

ஆட்டம் நடக்கிற நேரமெல்லாம் திரையின் வலது மூலையில், இரண்டாவது ஆளுக்கான இடத்தில், ஏதோ ஒரு வரி மின்னி மின்னி அணைந்துகொண்டிருந்தது. அந்த எழுத்து எனக்குப் படிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்கும் என்பது மட்டும் தெரிந்தது.

தைப் பொங்கல் கழித்து அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பெரியாத்தா, பெரியப்பச்சி, தம்பி. சம்பிரதாயப்படி மூவருக்கும் வளவில் ஜமக்காளம் விரித்தோம். தம்பி சம்மணம் போட்டு உட்கார்ந்தான். ஆத்தாவைச் சின்னாத்தா என்று கூப்பிட்டான். யாரோ நன்றாகச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள், ஒரு தடவைகூடத் தவறவில்லை. ஆத்தா, "புதுக் கேசட்டு எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"தனியா விளையாடுறது நல்லாவே இல்ல சின்னாத்தா."

எல்லாரும் சிரித்தார்கள். "வேற கேசட்டு வாங்கித் தாரேன், கவலப்படாத" என்றார் பெரியப்பச்சி. ஆத்தா மட்டும் சட்டென்று எழுந்து அறைக்குள் போனார். நான் பின்னாலேயே போனேன். பெட்டகத்தைத் திறந்து, மேல்தட்டில் புடவைகளுக்குள் கையை விட்டு எதையோ தொட்டபடி நின்றார். அங்கே என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். அவர் தோள் ஏறி இறங்கியது. பிறகு கையை எடுத்து, கீழ்த்தட்டிலிருந்த சீப்புச்சீடை டப்பாவை எடுத்துக்கொண்டு, வெளியே வந்து தம்பி தட்டு நிறையச் சீடை வைத்தார்.

அப்புறம் எல்லாம் எல்லார் வீட்டிலும் நடக்கிற மாதிரி நடந்தது. தம்பி நன்றாகப் படித்தான். கோயம்புத்தூரில் நல்ல வேலை, நல்ல மனைவி, ஒரு பெண் குழந்தை. பெரியவர்கள் முடிவு சரியாகத்தான் போயிற்று என்று ஊரே சொல்லும். விசேஷங்களுக்கு வருவான், முறையோடு பேசுவான், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்புவான். யாரோடும் சண்டையில்லை. யார் பக்கத்திலும் வந்து உட்காரவும் இல்லை. பெரியப்பச்சியும் பெரியாத்தாவும் ஒருவர் பின் ஒருவராகப் போனபின் கண்டனூர் வீடும் பூட்டுத் தொங்குகிற வீடாகிவிட்டது.

அப்பச்சி போய்ச் சில வருஷத்துக்குப் பிறகு ஆத்தா படுக்கையில் விழுந்தார். பார்த்துக்கொள்ள நான் போயிருந்தேன். ஒரு காலை, தலை சீவிவிட்டுக்கொண்டிருந்தபோது, எத்தனையோ வருஷமாகக் கேட்க நினைத்ததைக் கேட்டுவிட்டேன். "அந்த ரிமோட்ட ஏன் ஆத்தா குடுக்கல?"

ஆத்தா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "அவன் துணிமணி போச்சு, புத்தகம் போச்சு, பங்கு போச்சு, என்னக் கூப்புடுற பேரும் போச்சு" என்றார். "அதையும் குடுத்துட்டா இந்த வீட்டுல அவனுதுன்னு என்னதாண்டி இருக்கு?"

பிறகு, "எப்பவாச்சும் கேட்டுக்கிட்டு வருவான்னு இருந்தேன்" என்றார். அந்தப் பொங்கலுக்கு ஜமக்காளத்தில் உட்கார்ந்து அவன் கேட்டது அதைத்தான் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் மறுபடி சீவத் தொடங்கினேன்.

ஆத்தாவுக்குக் கொள்ளி வைத்தது அண்ணன். தம்பி பங்காளிகளோடு, அவர்கள் நிற்கிற வரிசையில் நின்றான். அதுதான் முறை. எல்லாம் முடிந்து, வந்தவர்களெல்லாம் போனபிறகு, அண்ணன் பெட்டகத்தைத் திறந்து ஆத்தா புடவைகளை எடுத்துக் கொடுத்தான். இனி அந்த அறை அண்ணனுடைய பங்கு; காலியான தட்டுகளில் தன் வேட்டிகளை அடுக்கினான். மேல்தட்டிலிருந்த ஒரு பட்டுப்புடவைக்குள் சுற்றி, வயரை அழகாக மடித்து நூல் போட்டுக் கட்டி, அது இருந்தது. பொத்தானைச் சுற்றி இடியாப்ப மாவு வெள்ளையாக அப்படியே இருந்தது.

தம்பி கையில் கொடுத்தேன். ஆத்தா சொன்னதை, சொன்னபடியே சொன்னேன்.

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். "நான் வேற மாதிரி நெனச்சுக்கிட்டேன் ஆச்சி" என்றான். "ஒருத்தன் வெளையாட எதுக்கு ரெண்டுன்னு சொன்னாகல்ல? இனிமே நீ ஒருத்தன்தான், ஒங்கூட யாரும் வர மாட்டோம்னு சொல்றாகன்னு நெனச்சேன்."

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"கண்டனூர் ஆத்தா இருக்காகல்ல, அவுக தெனம் சாயங்காலம் நான் ஆடுறப்ப பக்கத்துல வந்து உக்காருவாக. எனக்கும் ஒண்ணு குடேன்னு கையை நீட்டுவாக. இன்னொண்ணு இல்லைன்னு சொல்லுவேன். பெரியப்பச்சி..." நிறுத்தி, "அப்பச்சி, மதுரை வரைக்கும் தேடிப் பாத்தாக. இந்த மெஷினுக்குச் சேருற மாதிரி எங்கயும் கெடைக்கல. கண்டனூர் ஆத்தா கொஞ்ச நாள் வந்து வந்து உக்காந்து பாத்தாக. அப்புறம் வர்றத விட்டுட்டாக."

அவன் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதேன். யாருக்காக என்று கேட்டால் சொல்லத் தெரியாது. புடவைக்குள் ஒளித்து வைத்தவளுக்காகவா, வெறும் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவளுக்காகவா? ஒரு பிள்ளைக்கு இரண்டு தாய் இருந்தும் பக்கத்து இடம் காலியாகவே கிடந்ததே என்றுதான் அழுகை வந்தது. யாரும் கெட்டவர்கள் இல்லை. அதுதான் ஆறவில்லை.

"எடுத்துட்டுப் போ. உன் பொருள்தானே" என்றேன்.

தம்பி அந்த மாவு வளையத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தான். உதிராதபடி மெதுவாகத் தடவினான். பிறகு அதை என்னிடம் நீட்டினான்.

"வேணாம் ஆச்சி. இருந்த எடத்துலயே வைங்க. ஆத்தா சொன்னது மாதிரி, இங்குட்டு எனக்குன்னு ஒண்ணு இருக்கட்டும்."

ஆத்தா என்றான். சின்னாத்தா என்று சொல்லவில்லை. கேட்க வேண்டியவர் அதைக் கேட்க இல்லை.

அண்ணன் இத்தனை நேரமும் இடுப்பில் சாவிக் கொத்தோடு நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தான். உள்ளே வந்தான். பெட்டகத்தின் மேல்தட்டில் அப்போதுதான் அடுக்கியிருந்த தன் வேட்டிகளை ஓர் ஓரமாக ஒதுக்கி, இடம் செய்தான்.